எல் போர்டு மாட்டிய காருக்கு இன்சூரன்ஸ் எடுக்கப் போகிறீர்களா?

பதினெட்டு, இருபது வயதில் எல்.எல்.ஆர் எடுத்துவிட்டு முதல் காருக்கு இன்சூரன்ஸ் தேடுகிறவர்களுக்கு இரண்டு பயம் இருக்கும். வயசும் குறைவு, லைசன்ஸும் இன்னும் வரவில்லை, அதனால் பிரீமியத்தை ஏற்றிவிடுவார்கள் என்பது ஒன்று. எல்.எல்.ஆரில் ஓட்டி எங்கேயாவது இடித்தால் ஒரு பைசா தேறாது என்பது இன்னொன்று. இரண்டையும் சொந்தக்காரர்கள், ஏஜென்ட், ஷோரூம்காரர் என்று ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி வயிற்றைக் கலக்கிவிடுவார்கள். இரண்டுமே நம் நாட்டில் அப்படியே உண்மை இல்லை. ஆனால் அந்தப் பயத்தை வைத்துத்தான் தேவையில்லாத கவர்களை நம் தலையில் கட்டுகிறார்கள், அதே பயத்தில்தான் நியாயமாக வர வேண்டிய கிளெய்மை நாமே பொய் சொல்லிக் கெடுத்துக்கொள்கிறோம். இந்த அலைச்சலைத் தனியாகப் பட்டவன் நான். ஒருவர் உட்கார வைத்து இதையெல்லாம் சொல்லியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன். என் கதை இருக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

கார் பாலிசியில் இரண்டு பாகம். நம்மால் மற்றவர்களுக்கு ஆகும் சேதத்துக்கு தேர்ட் பார்ட்டி. நம் காருக்கு ஆகும் சேதத்துக்கு ஓன் டேமேஜ், சுருக்கமாக ஓ.டி. தேர்ட் பார்ட்டி கட்டணத்தை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யோடு கலந்து அறிவிக்கிறது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரே தொகைதான். பெட்ரோல், டீசல் கார் என்றால் இன்ஜின் சி.சி. மட்டும்தான் கணக்கு, ஓட்டுகிறவரின் வயசோ அனுபவமோ அதில் வரவே வராது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1000 சி.சி. வரை வருஷத்துக்கு 2,094 ரூபாய், அதற்கு மேல் 1500 வரை 3,416, 1500க்கு மேல் 7,897. புதுக் காராக இருந்தால் மூன்று வருஷத்துக்கும் சேர்த்து ஒரேயடியாகக் கட்ட வேண்டும். அது முறையே 6,521, 10,640, 24,596 ரூபாய். இவற்றின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. எலெக்ட்ரிக் காருக்கு சி.சி.க்குப் பதில் மோட்டாரின் கிலோவாட் கணக்கு.

இதன் அர்த்தம் என்னவென்றால், இன்சூரன்ஸில் மிச்சம் பிடிப்பது காரைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. வேகன் ஆர் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 998 சி.சி. இன்ஜினிலும் வருகிறது, 1197 சி.சி. இன்ஜினிலும் வருகிறது. வெளியே பார்த்தால் ஒரே வண்டி. ஆனால் புதிதாக எடுக்கும்போது தேர்ட் பார்ட்டிக்கு மட்டும் 4,119 ரூபாய் வித்தியாசம், ஜி.எஸ்.டி. சேர்த்தால் 4,860க்கு மேல். ஓட்டிப் பழகுவதற்குத்தான் வண்டி என்றால் 1000 சி.சி.க்குள் இருப்பதே போதும், கைக்கும் அடக்கம். ஓ.டி. பாகத்தின் கட்டணத்தை 2007லிருந்து கம்பெனிகள் தாங்களே வைத்துக்கொள்ளலாம், அதனால் பேரம் பேச இடம் இருப்பது அங்கேதான். காரின் மதிப்பு, அதன் வயசு, சி.சி., எந்த ஊர் ஆர்.டி.ஓ.வில் பதிவு என்பவை அதில் சேரும். சென்னை, பெங்களூரு உட்பட எட்டு பெரிய நகரங்கள் ஏ மண்டலம், மற்ற ஊர்கள் எல்லாம் பி மண்டலம். மதுரையிலோ நெல்லையிலோ பதிவான கார் என்றால் இந்தப் பழைய மண்டலக் கணக்கில் கொஞ்சம் குறையும். சில கம்பெனிகள் ஓ.டி.யில் உரிமையாளரின் வயசையும் பார்ப்பதுண்டு. அப்படிக் கேட்டால் இன்னொரு கம்பெனியிடம் போங்கள், அவ்வளவுதான்.

அடுத்து, கார் யார் பெயரில் என்பது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. யூடியூபில் பிரிட்டன்காரர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அப்பா பெயரில் காரை எடுத்துப் பிள்ளை ஓட்டினால் மோசடி என்று நினைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே பாலிசி ஓட்டுநரைப் பார்த்துப் போடப்படுகிறது, காரைப் பெரும்பாலும் ஓட்டுகிறவர் யார் என்பதை மறைத்தால் மோசடிதான். இங்கே பாலிசி காருக்குப் போடப்படுகிறது. சரியான லைசன்ஸ் வைத்திருக்கும் யார் ஓட்டினாலும் செல்லும். ஆகவே அப்பாவோ அம்மாவோ பழைய காரை விற்றுவிட்டுப் புதுக் கார் எடுக்கும் நிலையில் இருந்தால், அவர்கள் பெயரிலேயே எடுப்பதில் நல்ல லாபம் இருக்கிறது. கிளெய்ம் செய்யாமல் ஓட்டியதற்கான தள்ளுபடியான என்.சி.பி. காரோடு போவதில்லை, உரிமையாளரோடு வருகிறது. பழைய காரை விற்கும்போது அந்தக் கம்பெனியிடம் என்.சி.பி. ரிசர்வேஷன் லெட்டர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று வருஷத்துக்குள் அவர்கள் வாங்கும் அடுத்த காருக்கு அதைப் பயன்படுத்தலாம். ஐந்து வருஷம் கிளெய்மே இல்லாதவர் என்றால் ஓ.டி. பிரீமியத்தில் பாதி குறைந்துவிடும். எந்தக் கூப்பன், எந்தச் சலுகையும் இதற்குப் பக்கத்தில் வராது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நாளைக்கு அந்தக் காரை உங்கள் பெயருக்கு மாற்றினால் அந்த என்.சி.பி. உங்களுக்கு வராது, நீங்கள் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஷோரூமில் நடப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆன்-ரோடு விலைக்கு ஒரு தாள் கொடுப்பார்கள், அதில் இன்சூரன்ஸ் என்று ஒரே வரியில் ஒரு பெரிய தொகை இருக்கும். கேட்டால், "அதெல்லாம் நாங்களே பாத்துக்கறோம் தம்பி, வெளியில போட்டா கேஷ்லெஸ் வராது" என்பார்கள். கேஷ்லெஸ் என்றால் ரிப்பேர் பில்லில் கம்பெனியின் பங்கை அதுவே நேராக ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டிவிடுவது. வெளியில் போட்டாலும் அது வரும். அந்த ஒர்க்‌ஷாப் நீங்கள் எடுக்கும் கம்பெனியின் நெட்வொர்க் பட்டியலில் இருந்தால் போதும், பட்டியல் கம்பெனியின் வெப்சைட்டிலேயே கிடைக்கும். இன்சூரன்ஸை எங்கே வேண்டுமானாலும் எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, டீலர் வற்புறுத்தக் கூடாது. முதலில் அந்த ஒற்றை வரியைப் பிரித்துக் கேளுங்கள். தேர்ட் பார்ட்டி எவ்வளவு, அடிப்படை ஓ.டி. எவ்வளவு, ஒவ்வொரு ஆட்-ஆனும் (தனியாகப் பணம் கட்டிச் சேர்க்கும் கூடுதல் கவர்) எவ்வளவு, ஐ.டி.வி. (பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பு) எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். சாவி தொலைந்தால் கவர், உள்ளே வைத்த பொருளுக்குக் கவர், டயர் கவர் என்று நாலைந்து சின்ன சின்ன ஆட்-ஆன்கள் அதில் ஒளிந்திருக்கும். பிறகு அதே ஐ.டி.வி., அதே ஆட்-ஆன் வைத்து இரண்டு மூன்று கம்பெனிகளின் சொந்த வெப்சைட்டிலும் ஒரு ஒப்பீட்டு வெப்சைட்டிலும் கோட்டேஷன் எடுங்கள். அதைக் காட்டினாலே பெரும்பாலும் டீலர் இறங்கி வருவார். வெளியில் எடுக்க முடிவு செய்தால் சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், இன்வாய்ஸ் மூன்றும் வேண்டும். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்பே பாலிசி கையில் இருக்க வேண்டும் என்பதால் டெலிவரிக்கு முந்தின நாள் வரை தள்ளிப்போட வேண்டாம். கடனில் கார் எடுத்தால் பேங்க் பெயரும் பாலிசியில் ஏற வேண்டும்.

கோட்டேஷனை ஒப்பிடும்போது ஐ.டி.வி.யில் கண்ணை வையுங்கள். கார் முழுசாகப் போனால் கம்பெனி தரும் அதிகபட்சத் தொகை அது. புதுக் காருக்கு ஷோரூம் விலையில் 5 சதவீதம் கழித்து வரும், ஒரு வருஷம் தாண்டினால் 20, இரண்டு தாண்டினால் 30, மூன்று தாண்டினால் 40, நான்கு தாண்டினால் 50 சதவீதம் கழியும். மிகவும் மலிவாகத் தெரியும் கோட்டேஷன் பெரும்பாலும் ஐ.டி.வி.யை இறக்கிக் காட்டியதாகத்தான் இருக்கும். அது மலிவே கிடையாது.

பழகுவதற்குப் பழைய கார் வாங்குகிறவர்கள்தான் அதிகம், ஏமாற்றமும் அங்கேதான் அதிகம். "இன்சூரன்ஸ் மார்ச் வரைக்கும் இருக்கு சார்" என்று விற்கிறவர் சொல்வதை நம்பி அப்படியே விட்டுவிடுவார்கள். கார் கைமாறியதும் தேர்ட் பார்ட்டி பாகம் தானாகவே புது உரிமையாளருக்கு வந்துவிடும், மோட்டார் வாகனச் சட்டம் 157ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஓ.டி. பாகம் அப்படி வராது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். ஆர்.சி. உங்கள் பெயரில், பாலிசி பழையவர் பெயரில் என்று இருக்கும் இடைவெளியில் காரை இடித்தால் ஓ.டி. கிளெய்ம் நிராகரிக்கப்படும். எல்.எல்.ஆர் ஆட்கள் இடிப்பதும் பெரும்பாலும் அந்த முதல் சில வாரங்களில்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். பாலிசியை மாற்றும்போது விற்றவருடைய என்.சி.பி. உங்களுக்கு இல்லை என்பதால் அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். அது நியாயமான தொகைதான், விலை பேசும்போதே அதைக் கழித்துப் பேசுங்கள். பாலிசி காலாவதியாகி இருந்தால் காரைப் பார்வையிட்ட பிறகே ஓ.டி. கிடைக்கும், தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் பார்வையிடாமலே கிடைத்துவிடும். ரொம்பப் பழைய கார், ஒரு லட்சம்கூடப் பெறாது, கடனும் இல்லை என்றால் தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்துவிட்டு மிச்சப் பணத்தை டிங்கரிங் பெயின்டிங்குக்கு ஒதுக்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

இனி ஆட்-ஆன். பழகுகிறவர்கள் எங்கே இடிப்பார்கள்? பம்பர் முனை, கண்ணாடி, இடது பக்கக் கதவு, சக்கரத்துக்கு மேலே உள்ள ஃபெண்டர். இதில் பம்பரும் கண்ணாடிக் கூடும் பிளாஸ்டிக். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம், கார் நேற்று எடுத்ததாக இருந்தாலும் அதே 50தான். ஒரு பில்லைப் பிரித்துப் பார்ப்போம். பம்பர் 8,000, பெயின்டிங் 4,000, கூலி 1,500, மொத்தம் 13,500 என்று வையுங்கள். பம்பரில் பாதி 4,000 உங்கள் கையிலிருந்து. பெயின்டிங்கில் கால் பங்கை மெட்டீரியல் செலவாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 500. கட்டாயக் கழிவு என்று 1500 சி.சி. வரையிலான காருக்கு ஒவ்வொரு கிளெய்முக்கும் 1,000 உண்டு. ஆக 5,500 நீங்கள், 8,000 கம்பெனி. தேய்மானமே கழிக்காத ஜீரோ டெப் ஆட்-ஆன் இருந்தால் அந்த 4,500 தேய்மானம் போய்விடும், 1,000 மட்டும்தான் உங்கள் பொறுப்பு. அதனால் பழகும் வருஷத்தில் ஒரே ஒரு ஆட்-ஆனுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ஜீரோ டெப் எடுங்கள். வருஷத்துக்கு எத்தனை கிளெய்முக்கு அது செல்லும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எடுக்கும் முன் கேளுங்கள்.

பிரீமியத்தைக் குறைக்க வாலன்டரி டிடக்டிபிள் எடுங்கள் என்று ஒரு யோசனை எல்லா இடத்திலும் வரும். கிளெய்மில் முதல் இவ்வளவு ரூபாயை நானே போட்டுக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொள்வது அது. 2007க்கு முன் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக இருந்த பழைய டாரிஃப் அட்டவணையில் 2,500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால் ஓ.டி.யில் 20 சதவீதம், அதிகபட்சம் 750 ரூபாய்தான் குறையும். 15,000க்கு ஒப்புக்கொண்டால் 35 சதவீதம், அதிகபட்சம் 2,500. அதாவது 2,500 ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக, மேலே சொன்ன 13,500 பில் முழுவதையும் நீங்களே சுமக்கிறீர்கள். பத்து வருஷம் ஓட்டியவருக்கு இது சரிப்படலாம், எல் போர்டு மாட்டியவருக்குச் சரிப்படாது. இன்னொன்று, மற்றவர் சொத்துச் சேதத்துக்கான வரம்பை 7.5 லட்சத்திலிருந்து 6,000 ஆகக் குறைத்தால் வருஷத்துக்கு 100 ரூபாய் தள்ளுபடி என்று ஒரு கட்டம் இருக்கும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அடுத்தவர் காரின் ஹெட்லைட் ஒன்றுக்கே 6,000 தாண்டிவிடும்.

எதற்குக் கிடைக்காது என்பதும் தெரிய வேண்டும். மேட்டில் ஹாஃப் கிளட்சில் நிறுத்திப் பழகி கிளட்ச் பிளேட் கருகினால் அது தேய்மானம், எந்தப் பாலிசியிலும் வராது. அடிப்பாகம் கல்லில் இடித்து ஆயில் சம்ப் உடைந்தால் சம்ப்புக்குக் கிளெய்ம் உண்டு. ஆனால் ஆயில் ஒழுகுவது தெரியாமல், அல்லது தெரிந்தும், தொடர்ந்து ஓட்டி இன்ஜின் ஜாம் ஆனால் அது பின்விளைவுச் சேதம், சாதாரண பாலிசியில் இல்லை. கீழே டங் என்று சத்தம் கேட்டால் ஓரம்கட்டி நிறுத்தி, அடியில் சொட்டுகிறதா என்று குனிந்து பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்ளே தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு செல்ஃபில் இன்ஜினே போய்விடும். சென்னையில் குடியிருக்கிறவர்கள் இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆனுக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமானது. உங்கள் பாலிசியில் டிரைவர்ஸ் கிளாஸ் என்று ஒரு பத்தி இருக்கும். சின்ன எழுத்தில் இருக்கும், ஒரு தடவை தேடிப் படியுங்கள். செல்லுபடியாகும் லைசன்ஸ் உள்ள யாரும் ஓட்டலாம். செல்லுபடியாகும் லேர்னர்ஸ் லைசன்ஸ் உள்ளவரும் ஓட்டலாம், ஆனால் 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3ஆம் விதியை அவர் பின்பற்றியிருக்க வேண்டும் என்று அதில் இருக்கும். ஆக, எல்.எல்.ஆர் வைத்திருப்பவருக்கு இன்சூரன்ஸ் உண்டு. உண்டா இல்லையா என்பது அந்த 3ஆம் விதியில் நிற்கிறது. அது கேட்பது மூன்று விஷயம். எல்.எல்.ஆர் தேதி முடியாமல் இருக்க வேண்டும். அது ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். லைசன்ஸ் உள்ள ஒருவர் பயிற்சியாளராகப் பக்கத்தில், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு எல் இருக்க வேண்டும். போர்டு 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையாமல், எழுத்து 10 சென்டிமீட்டர் உயரம், 2 சென்டிமீட்டர் தடிமன், அடியில் 9 சென்டிமீட்டர் அகலம் என்று அளவுகூட விதியிலேயே இருக்கிறது. பேப்பரில் பேனாவால் எழுதி ஒட்டுவது போதாது.

இதில் சறுக்கும் இடம் பக்கத்தில் உட்காருகிறவர். அப்பாவிடம் டூ வீலர் லைசன்ஸ் மட்டும் இருந்தால் அவர் பக்கத்தில் இருப்பது கணக்கில் வராது, கார் ஓட்டும் பிரிவு அவர் லைசன்ஸில் இருக்க வேண்டும். 55 வயசைத் தாண்டிப் புதுப்பித்தவர்களுக்கு ஐந்து ஐந்து வருஷமாகத்தான் தருவார்கள், வீட்டில் பலருக்கு அது முடிந்ததே தெரியாது. வண்டியில் ஏறும் முன் அவர் லைசன்ஸின் தேதியைப் பார்த்துவிடுங்கள். நண்பன் பின் சீட்டில் உட்கார்ந்து வழி சொல்வதும் பக்கத்தில் இருப்பதாகாது. ஹேண்ட் பிரேக் இரண்டு சீட்டுக்கும் நடுவே இருக்கும் காராக இருந்தால் நல்லது, அவர் கை எட்டும். நம்ம அபார்ட்மென்ட் உள்ளேதானே என்று தனியாக எடுத்து ஓட்டித் தூணில் இடித்தாலும் கம்பெனி இதே கேள்வியைத்தான் கேட்கும். பதினெட்டு ஆகாதவர்கள் காரைத் தொடவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு, ஆர்.சி. ஒரு வருஷத்துக்கு ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயசு வரை லைசன்ஸ் கிடையாது.

இடித்துவிட்டால் என்ன செய்வது? கை நடுங்கும், தொண்டை அடைக்கும், சுற்றிக் கூட்டம் சேரும். அந்த நேரத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், "விடுப்பா, அப்பா ஓட்டினதா எழுதிக் குடுத்துடலாம்" என்பார். இதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். விதிப்படி ஓட்டியிருந்தால் உங்கள் பெயரிலேயே கிளெய்ம் கிடைக்கும், பொய்க்கு அங்கே வேலையே இல்லை. ஆளை மாற்றி எழுதியது, சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயருக்கோ போலீஸுக்கோ தெரிந்தால் வர வேண்டிய கிளெய்மும் போகும்; யாருக்காவது அடிபட்டிருந்தால் அது தனிக் குற்றமாகவும் ஆகும். செய்ய வேண்டியது இதுதான்: நிறுத்துங்கள், யாருக்காவது அடிபட்டிருந்தால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகு போலீஸுக்குத் தகவல். கார் நின்ற நிலையில், எல் போர்டு தெரியும்படி, எதிர் வண்டியின் நம்பரும் வரும்படி போட்டோ எடுங்கள். ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் கம்பெனியின் நம்பருக்குச் சொல்லி கிளெய்ம் நம்பர் வாங்குங்கள். சர்வேயர் பார்க்கும் முன் எதையும் கழற்ற விடாதீர்கள். கிளெய்ம் ஃபாரத்தோடு ஆர்.சி., பாலிசி, உங்கள் எல்.எல்.ஆர், பக்கத்தில் இருந்தவரின் லைசன்ஸ் நகல் எல்லாம் கேட்பார்கள். பக்கத்தில் யார் இருந்தார் என்பதை ஃபாரத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள், பின்னால் எழும் பாதிக் கேள்விகள் அதோடு முடிந்துவிடும். அடிபட்ட மூன்றாம் நபருக்கான இழப்பீட்டில், ஓட்டியவரிடம் எல்.எல்.ஆர்தான் இருந்தது என்பதைக் காரணம் காட்டிக் கம்பெனி தப்பிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது.

சின்னச் சிராய்ப்புக்கெல்லாம் கிளெய்ம் போடலாமா என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஓ.டி. பிரீமியம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். என்.சி.பி. 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். புதுக் காரில் முதல் வருஷம் கிளெய்ம் போட்டால் எல்லாம் ஒரு வருஷம் தள்ளிப்போகிறது; அடுத்த ஐந்து வருஷத்தில் இழப்பது 20, 5, 10, 10, 5, மொத்தம் 50 சதவீதம். சுமார் 5,000 ரூபாய். ஐ.டி.வி. வருஷாவருஷம் குறைவதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் குறையும். ஆகவே கழிவெல்லாம் போகக் கம்பெனியிடமிருந்து 5,000க்கு மேல் வந்தால்தான் கிளெய்ம் லாபம். 4,000 ரூபாய் டென்ட்டைக் கைக்காசில் எடுத்துவிடுவது நல்லது. ஆனால் அப்பாவின் 50 சதவீத என்.சி.பி.யோடு வந்த கார் என்றால் கணக்கே வேறு. ஒரு கிளெய்மில் அது பூஜ்யமாகும். திரும்ப ஏறி முடிப்பதற்குள் 50, 30, 25, 15, 5 என்று 125 சதவீதம், அதாவது 12,500 ரூபாய் போய்விடும். அப்படிப்பட்ட காருக்கு என்.சி.பி. புரொடெக்ட் ஆட்-ஆனின் விலையைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். என்.சி.பி.யே இல்லாத புதுக் காருக்கு முதல் வருஷம் அது தேவையில்லை, காப்பாற்ற எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்துப் பழகுகிறவர்கள் கிலோமீட்டர் அளவுக்கு ஏற்ற ஓ.டி. பாலிசியையும் பாருங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2022இல் அதற்கு அனுமதி கொடுத்தது. எடுத்த அளவைத் தாண்டினால் என்ன ஆகும், நடுவில் டாப்-அப் செய்யலாமா என்ற இரண்டையும் கேட்டுவிட்டு எடுங்கள். உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் கவரும் பாலிசியோடு வரும். உங்களிடம் ஏற்கெனவே அந்த அளவுக்கு விபத்துப் பாலிசி இருந்தால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து அந்தப் பிரீமியத்தைத் தவிர்க்கலாம். கார் உங்கள் பெயரில், கையில் எல்.எல்.ஆர் மட்டும் என்றால் அந்தக் கவர் உங்களுக்குச் செல்லுமா என்று கம்பெனிக்கு மெயில் போட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். போனில் சொன்னது பிறகு நிற்காது.

நியாயமான கிளெய்மை மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள், ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும் பதிவு செய்யுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ஒரு வருஷத்துக்குள் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரியான ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 3ஆம் விதியைப் பின்பற்றியதற்கு போட்டோவும் லைசன்ஸ் நகலும் இருந்தால் தைரியமாகப் போங்கள்.

ஒரு வருஷம் முடிந்து ரினியூவல் வரும்போது இன்னொரு இடத்தில் பணம் போகும். புதுக் காருக்கு மூன்று வருஷத் தேர்ட் பார்ட்டி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. இரண்டாம், மூன்றாம் வருஷத்துக்கு ஓ.டி. மட்டும் தனியாக எடுத்தால் போதும், வேறு கம்பெனியிலும் எடுக்கலாம். அவசரத்தில் முழு பாலிசியை எடுத்து தேர்ட் பார்ட்டியை இரண்டாம் தடவை கட்டிவிடாதீர்கள். வெப்சைட்டில் விவரம் நிரப்பும்போது பழைய தேர்ட் பார்ட்டி பாலிசியின் நம்பரையும் முடியும் தேதியையும் கேட்டால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். முடிவு தேதியிலிருந்து 90 நாளுக்கு மேல் விட்டால் சேர்த்த என்.சி.பி. போய்விடும், அதனால் அந்தத் தேதியை போனில் ஒரு மாதம் முன்னதாகவே நினைவூட்டும்படி போட்டு வையுங்கள்.